திசைகாட்டி வடக்கைக் காட்டுமா?

கடும்போக்குடையது என்று பெயரெடுத்த ஓர் அரசியற் கட்சி, தேர்தல் நெருங்குங்கால் திடுமெனக் குரல் தாழ்த்திப் பேசத் தொடங்குமாயின், அக்குரல் எவர் செவிக்காகத் தாழ்த்தப்பெற்றது என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். பல்லாண்டாக அக்கட்சியைத் தோளிற் சுமந்து வந்த தொண்டர்க்கு அத் தாழ்குரல் தேவையில்லை. அவர்கள் எவ்வாறாயினும் அதற்கே வாக்களிப்பர். அதனை முற்றும் வெறுப்பார்க்கும் அது பயன்படாது. அவர்கள் எவ்வாறாயினும் அளியார். இவ்விரு சாரார்க்கும் இடையே, எப்பக்கமும் சாயாது தயங்கி நிற்கும் ஒரு கூட்டம் உண்டு. வெற்றி தோல்வியை எழுதும் கோல் அக்கூட்டத்தின் கையிலேதான் இருக்கின்றது. தாழ்ந்த குரலும், இனிய நகையும், 'பழைய ஆள்கள் அல்லேம். மாறிவிட்டோம்' என்னும் பேச்சும் அவர்களுக்கென்றே ஆக்கப்படுவன. இதழாளர் இதற்கு 'மிதவாதம்' என்று பெயர் சூட்டுவர். மென்போக்கு என்று தமிழில் அதனைச் சொல்லலாம்.

வள்ளுவப் பேராசான் தனி அதிகாரம் வகுத்துப் போற்றிய நடுவு நிலைமை வேறு. தேர்தற்கால மென்போக்கு வேறு. முன்னது, தனக்கு இழப்பு நேரினும் அறத்தின் பக்கம் அசையாது நிற்பது. பின்னது, தனக்கு வரவு எங்குண்டோ அங்கே நகர்ந்து நிற்பது. இரண்டும் நடுவில் நிற்பனபோற் கண்ணுக்குத் தோன்றும். ஆயின், ஒன்று நிறைகோலின் நா. மற்றொன்று கடைக்காரனின் விரல். நாவையும் விரலையும் பிரித்தறியத் தெரியாத மக்கள், எடை குறைந்த பொருளையே என்றும் வீட்டிற்குக் கொண்டு செல்வர்.

இவ்வேறுபாட்டை விளங்கக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று 2024ஆம் ஆண்டு இலங்கைத் தீவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு வாக்குப் பெற்று முதலிடத்தில் நின்றார். விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்டபின் வெற்றி பெற்றார். ஐந்தாண்டுகட்கு முன், 2019இல், அதே பொறுப்புக்குப் போட்டியிட்டு அவர் பெற்றது 3.16 விழுக்காடே. தொடர்ந்து 2024 நவம்பர் 14ஆம் நாள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவர் தலைமையிலான 'தேசிய மக்கள் சக்தி' 225 இருக்கைகளில் 159ஐக் கைப்பற்றியது. 2020இல் அதற்கு இருந்தவை மூன்றே மூன்று. 2022இல் நாட்டின் கருவூலம் வெறுமையாகி, எரிநெய்க்கும் மருந்துக்கும் மக்கள் தெருவில் நின்று, இராசபக்சக் குடும்பத்தின் ஆட்சி சரிந்தமை இவ்வெற்றிக்கு முதன்மைக் கரணியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழர் உற்றுநோக்க வேண்டிய செய்தி பிறிதொன்று.

யாழ்ப்பாண மாவட்டத்தில் செப்டம்பரில் திசாநாயக்க பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 27 ஆயிரம். எட்டுக் கிழமைகள் கழியுமுன், நவம்பரில், அதே மாவட்டத்தில் அவர் கட்சி பெற்றவை 80 ஆயிரத்திற்கும் மேல். ஆறு இருக்கைகளில் மூன்று அதற்குப் போயின. தெற்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலிடம் பெற்றது வரலாற்றில் அதுவே முதன்முறை. வன்னியிலும் அதுவே முந்தியது. தீவின் மாவட்டங்களுள் மட்டக்களப்பு ஒன்றே அதன் கைக்கு எட்டாது தமிழரசுக் கட்சியின்பால் நின்றது.

வாகை சூடிய இக்கூட்டணியின் உள்ளீடு யாது? பல அமைப்புகள் அதில் உண்டெனினும், அதன் முதுகெலும்பு 'மக்கள் விடுதலை முன்னணி'யே. 1965இல் உரோகண விசயவீர தொடங்கிய கட்சி அது. தொடக்க நாளில் இளைஞர்க்கு அது நடத்திய ஐந்து அரசியல் வகுப்புகளுள் ஒன்று 'இந்திய விரிவாக்கம்' என்பது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் குருதியை வியர்வையாய்ச் சிந்திய தமிழ்த் தொழிலாளரை, அவ்விரிவாக்கத்தின் கருவியாகவே அவ்வகுப்பு காட்டிற்று. உழைப்பாளர் ஒன்றுபடுக என்ற கட்சிக்கு, அத்தீவிலேயே மிகக் குறைந்த கூலி பெற்ற உழைப்பாளர் அயலாராய்த் தோன்றினர். 1971 ஏப்பிரலில் அது படைக்கலம் ஏந்திக் கிளர்ந்தது, அடக்கப்பட்டது. 1987 சூலை 29ஆம் நாள் இந்திய-இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாகி, அவ்வாண்டு நவம்பரில் அரசமைப்பின் 13ஆம் திருத்தத்தால் மாகாண அவைகள் தோன்றியபொழுது, நாட்டைத் துண்டாடும் செயல் இஃது எனக் கூறி மீண்டும் படைக்கலம் ஏந்தியது. அது செய்த கொலைகளும், அதனை ஒடுக்க அரசு செய்த பன்மடங்குக் கொலைகளும் தென்னிலங்கையைச் சுடுகாடாக்கின. 1989 நவம்பரில் விசயவீர கொல்லப்பட்டார்.

1994இல் கட்சி தேர்தற்பாதைக்குத் திரும்பியது. தான் எதிர்த்துக் குருதி சிந்திய மாகாண அவைகளுக்கே போட்டியிட்டு உறுப்பினர்களையும் பெற்றது. 2004இல் சந்திரிகாவின் கூட்டணியில் 39 உறுப்பினரோடு ஆட்சியிற் பங்கேற்றது. அன்று வேளாண்மை அமைச்சராய் அமர்ந்தவர் இதே திசாநாயக்க. அவ்வாண்டு இறுதியில் ஆழிப்பேரலை வடக்கையும் கிழக்கையும் விழுங்கியது. வீடிழந்த தமிழர்க்கும் முசுலிம்கட்கும் உதவிப்பொருள் சென்று சேர, அரசும் விடுதலைப் புலிகளும் இணைந்து ஒரு பொதுக் கட்டமைப்பை அமைக்க 2005 சூனில் முடிவாயிற்று. அது பொறாது ஆட்சியினின்றும் வெளியேறிய கட்சி இது. அக்கட்டமைப்பின் முகன்மைக் கூறுகளுக்கு உச்ச வழக்குமன்றத்தில் தடை வாங்கியதும் இக்கட்சியின் உறுப்பினரே. அவ்வாண்டுத் தேர்தலில் ஒற்றையாட்சியைக் காப்பதாக மகிந்த இராசபக்சவோடு உடன்பாடு செய்துகொண்டு அவரை அரசுக்கட்டிலேற்றத் தோள்கொடுத்தது. 1988 முதல் இணைந்திருந்த வடக்கு கிழக்கு மாகாணங்களைப் பிரித்த 2006 அக்டோபர்த் தீர்ப்பும், இக்கட்சியின் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கின் விளைவே.

இத்தகைய வரலாறுடைய கட்சி, தமிழரின் வாயிற்படியில் வந்து நின்று வாக்குக் கேட்கும் நிலைக்கு எவ்வாறு வந்தது? 2014இல் தலைமையேற்ற திசாநாயக்க, 1987 முதல் 1989 வரை நிகழ்ந்தவற்றுக்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2019இல் புதிய பெயரில் கூட்டணி அமைந்தது. சுத்தியலும் அரிவாளும் பின்னுக்குச் சென்றன. பழைய கட்சியின் தேர்தற் சின்னமாகிய மணி ஒலி அடங்கியது. புதிய கூட்டணிக்குத் திசைகாட்டி சின்னமாயிற்று. வணிகர் அஞ்சாதவாறு பேச்சு மாறியது. பன்னாட்டு நாணய நிதியத்தோடு முன்னைய ஆட்சி செய்த உடன்பாட்டைக் கிழித்தெறிவோம் என்னாது, திருத்துவோம் என்றனர். ஆட்சிக்கு வந்தபின் அதனைத் தொடர்ந்தனர். இந்திய விரிவாக்கத்தைப் பற்றி வகுப்பெடுத்த கட்சியின் தலைவர் 2024 பிப்பிரவரியில் தில்லியின் அழைப்பை ஏற்றுச் சென்றார். குடியரசுத் தலைவரானபின் முதல் அயற்செலவும் தில்லிக்கே என்றாயிற்று. வடக்கில் கூட்டங்கள் நடந்தன. தமிழ் வேட்பாளர்கள் நிறுத்தப்பட்டனர். இனவெறியை இனி எவர்க்கும் எழுப்பவிடோம் என்று உறுதி கூறப்பட்டது.

இம்மாற்றங்களுள் ஒன்றை நுணுகிக் காண்க. வணிகர்க்குச் சொன்னது கணக்கேட்டில் எழுத்தாயிற்று. தில்லிக்குச் சொன்னது உடன்படிக்கைகளில் எழுத்தாயிற்று. தமிழர்க்குச் சொன்னதோ பெரும்பாலும் குரலாகவே நின்றுவிட்டது. வலியவனுக்கு எழுத்து, எளியவனுக்குக் குரல் என்பதே மென்போக்கு அரசியலின் பங்கீட்டு முறை.

எழுத்தில் ஒன்றுமே இல்லையோ எனின், இருந்தது. 2024 தேர்தல் அறிக்கையில் மூன்று செய்திகள் தமிழரைத் தொட்டன. 2015 முதல் 2019 வரை நடந்த புதிய அரசமைப்புப் பணி நிறைவு செய்யப்படும் என்பது ஒன்று. மாகாண அவைத் தேர்தல்கள் ஓராண்டிற்குள் நடத்தப்படும் என்பது மற்றொன்று. 'பயங்கரவாதத் தடைச் சட்டம்' எனப் பெயர் பூண்டு, 1979இல் மூன்றாண்டுகட்கென்று வந்து, 1982இல் நிலைபேறாக்கப்பட்டுத் தமிழ் இளைஞரை உசாவலின்றி ஆண்டுக்கணக்கிற் சிறைப்படுத்திய கொடுஞ்சட்டம் நீக்கப்படும் என்பது மூன்றாவது. முதற்செய்தியின் சொல்லமைப்பும் எண்ணத்தக்கது. ஆட்சியுரிமை உள்ளாட்சிக்கும், மாவட்டத்திற்கும், மாகாணத்திற்கும் பகிரப்படும் என்பது அதன் போக்கு. மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடின், ஓர் இனத்தின் தன்னாட்சிக் கோரிக்கை ஊராட்சியின் விளக்குக்கம்பக் கோரிக்கையோடு ஒன்றாகிவிடும். குரல் தாழ்ந்த அளவிற்கு உரிமை உயரவில்லை என்பதை அவ்வரிசையே காட்டிவிட்டது.

குடியரசுத் தலைவர் தேர்தல் முடிந்து நாடாளுமன்றத் தேர்தல் வருமுன், 2024 அக்டோபரில், கட்சியின் பொதுச் செயலாளர் தில்வின் சில்வா, வடக்கின் மக்களுக்கு வேண்டுவது ஆட்சியுரிமைப் பகிர்வன்று, பொருளியல் தீர்வே என்னும் பொருள்படப் பேசினார். தலைவர் வடக்கே சென்று மென்மொழி பேச, செயலாளர் தெற்கே இருந்து பழமொழி பேசுவது தற்செயலன்று. தயங்கி நிற்போரை இழுக்க ஒரு வாய். பழைய தொண்டரைப் பிடித்து வைக்க மற்றொரு வாய். எவ்வாய்ச் சொல் சட்டமாகும் என்பது தேர்தல் முடிந்த பின்னரே தெரியவரும்.

இத்துணையும் தெரிந்திருந்தும் 80 ஆயிரம் யாழ்ப்பாணத் தமிழர் திசைகாட்டிக்கு வாக்களித்ததேன்? அவர்களைப் பேதையர் என்று தூற்றுவது எளிது. ஆயின் அது மெய்யன்று. பதினைந்தாண்டுகளாகத் தமிழர் பெயரால் நாடாளுமன்றம் சென்றவர் தம்முள் பிளந்து பிளந்து, ஒரே கொள்கையைப் பல சின்னங்களில் விற்றனர். குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளர் ஒருவர் நின்றபொழுது, தமிழரசுக் கட்சி தெற்கின் வேட்பாளர் ஒருவரை ஆதரித்தது. நாடாளுமன்றத் தேர்தலில் கட்சிகளும் தனிக்குழுக்களும் யாழ்ப்பாணத்தில் மழைக்காளான் எனப் பெருகின. திசைகாட்டி அங்குப் பெற்றது நான்கில் ஒரு பங்கு வாக்கே. நான்கில் மூன்று பங்கினர் அதற்கு வாக்களித்திலர். எனினும் சிதறிய முக்காலைவிடத் திரண்ட கால் வலியதாயிற்று. தமிழர் வாக்கு எங்கும் போகாது என்று தமிழ்த் தலைவர் எண்ணியிருந்தனர், போயிற்று. எனவே அவ்வாக்கு, திசைகாட்டியின் மேல் கொண்ட காதலால் மட்டும் விழுந்ததன்று. சொந்த வீட்டின்மேல் கொண்ட சலிப்பாலும் விழுந்தது. தயங்கி நிற்பவன் இயல்பாகத் தோன்றுவதில்லை. அவனை முதலில் தயங்கச் செய்பவர் அவன் வீட்டாரே.

வெற்றிக்குப் பின் நிகழ்ந்தவற்றை நேர்மையோடு எடைபோடுதல் வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் மாவீரர் நினைவேந்தல்கள் முன்னைய ஆண்டுகளைப்போற் பெரிதும் தடுக்கப்படாது நடந்தன. பலாலிப் பகுதியில் முப்பதாண்டுகட்கு மேலாகப் படையினர் மூடி வைத்திருந்த சாலைகள் திறந்துவிடப்பட்டன. இவை நல்லன, நல்லனவற்றை நல்லன என்று சொல்லத் தயங்குதல் ஆகாது. ஆயின், 2025 மார்ச்சு 28ஆம் நாள் வடமாகாணத்தில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலங்களைக் குறித்து ஓர் அரசிதழ் அறிவிப்பு வெளியாயிற்று. மூன்று திங்களுக்குள் உரிமையை மெய்ப்பிக்காத நிலங்கள் அரசுடைமையாகும் என்பது அதன் பொருள். போரில் வீட்டோடு ஆவணமும் எரிந்து, உடைமையாளர் கடல் கடந்து சிதறிய மண்ணில், மூன்று திங்களில் மெய்ப்பி என்பது எவ்வகை மென்மை? தமிழர் எதிர்த்தனர், வழக்குத் தொடுத்தனர், அதன் பின்னரே அவ்வறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. புன்னகையால் காக்கப்படாத நிலம் போராட்டத்தால் காக்கப்பட்டது.

மூன்று உறுதிமொழிகளின் கணக்கையும் பார்க்க. 2025ஆம் ஆண்டு முடியும் வரை மாகாண அவைத் தேர்தல் நடைபெறவில்லை. அக்கொடுஞ்சட்டம் அதுவரை நீக்கப்படவில்லை. புதிய அரசமைப்பின் வரைவு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. தொகுதி எல்லை வரைவுச் சட்டத்தின் சிக்கலே மாகாணத் தேர்தலுக்குத் தடை என்பது அரசு கூறும் விடை. 2017இல் உண்டான அச்சிக்கல் மெய்யே. ஆயின், அரசமைப்பையே திருத்தவல்ல மூன்றில் இரு பங்குக்கு 150 உறுப்பினர் போதும். இவர்க்கோ 159 பேர். எளிய பெரும்பான்மையால் தீர்க்கத்தக்க சட்டச் சிக்கலைக் காட்டி இத்துணை வலிமையுடையோர் கைவிரிப்பது, யானை மேலிருப்பவன் வேலி தடுக்கிற்று என்பது போலாம்.

அரசியற் கட்சிகள் கோலம் மாற்றுதல் இலங்கைக்கே உரிய புதுமையன்று. பிரான்சு நாட்டில் தந்தை நிறுவிய 'தேசிய முன்னணி'யை ஏற்ற மரீன் இலெ பென், 2015இல் தந்தையையே கட்சியினின்று நீக்கி, 2018இல் கட்சியின் பெயரையும் மாற்றினார். 2022 குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றில் 41 விழுக்காட்டிற்கும் மேல் வாக்குப் பெற்றார். குடியேறியோர்பால் அக்கட்சி கொண்ட கடுமையோ பெயரோடு போய்விடவில்லை. பிரித்தானியாவில் தொழிற்கட்சியின் தலைவரான தோனி பிளேயர் வேறு வகையிற் செய்தார். உற்பத்திக் கருவிகள் பொதுவுடைமையாதல் வேண்டும் என்று 1918 முதல் கட்சியின் விதிநூலில் நின்ற நான்காம் பிரிவை, 1995 ஏப்பிரலில் தனி மாநாடு கூட்டி, சொந்தக் கட்சியினரோடு வெளிப்படையாக வழக்காடி, வாக்கெடுத்து மாற்றி எழுதினார். அம்மாற்றம் நன்றோ தீதோ, அது வேறு வழக்கு. கட்சி இன்னதினின்று இன்னதற்கு மாறிற்று என்பதை எழுத்தில் எவரும் படித்தறிய முடிந்தது. 1997இல் வாக்களித்தவன் தான் வாங்கியது இன்னது என்று அறிந்து வாங்கினான்.

இவற்றை ஒப்பிட்டு நோக்கின், மென்போக்கின் மெய்ம்மையை உரைத்துப் பார்க்க மூன்று கற்கள் கிடைக்கும்.

முதலாவது, எவரிடம் சொன்னார் என்பது. தமிழனிடம் தமிழில் 'நீவிரும் நிகரே' என்பது எளிது. அதே சொல்லை மாத்தறையிலும் அம்பாந்தோட்டையிலும் சிங்களத்தில், சொந்தத் தொண்டன் முகம் சுளிக்கும்படி சொன்னாரா? கவர வேண்டியவனிடம் மட்டும் சொல்லப்படும் நயவுரை, கொள்கை ஆகாது, விலைபேச்சே ஆகும்.

இரண்டாவது, எங்கே எழுதினார் என்பது. சுவரொட்டியில் எழுதியதை மழை கரைக்கும். தேர்தல் அறிக்கையில் எழுதியதை அடுத்த அறிக்கை மறைக்கும். கட்சியின் விதியிலும் நாட்டின் சட்டத்திலும் எழுதியதை மட்டுமே அழிக்க முயல்பவன் வெளிப்பட்டுத் தீரவேண்டும்.

மூன்றாவது, என்ன இழந்தார் என்பது. எதையும் இழக்காது செய்யப்படும் மாற்றம், எதையும் இழக்காது திரும்பப் பெறப்படும். 1987 முதல் 1989 வரை நிகழ்ந்தவற்றுக்கு வருத்தம் சொன்ன வாய், 2005இல் ஆழிப்பேரலைக் கட்டமைப்பை முறித்ததற்கும், 2006இல் வடக்கையும் கிழக்கையும் பிரித்ததற்கும் என்ன சொல்லும்? முன்னது தென்னவர் சிந்திய குருதி. பின்னது தமிழர் இழந்த உரிமை. இரண்டாவதற்கும் அதே வாய் திறக்குமாயின், அன்று மாற்றம் மெய்யென்று கொள்ளத் தடையில்லை.

'அங்ஙனமாயின் கட்சிகள் மாறவே கூடாதா? பழம்பகையைச் சுமந்துகொண்டே இருத்தல் வேண்டுமா?' என்று வினவுவார் உளர். மாறலாம், மாறுதல் வேண்டும். தென்னிலங்கையின் ஏழை உழவன் மகனும் யாழ்ப்பாணத்து மீனவன் மகனும் ஒருவரையொருவர் அஞ்சாது வாழும் நாள் வருமாயின் அதனை வெறுப்பவன் தமிழனல்லன். எல்லா மாற்றமும் ஏமாற்றே என்று கதவடைப்பவன், மெய்யாகவே மனம் மாறி வருபவனையும் பழைய பாசறைக்கே துரத்துகின்றான். ஆகவே கதவைத் திறந்து வைத்தல் தகும். திறந்த கதவில் நின்று, வந்தவன் கையில் இருப்பதைக் கேட்டு வாங்கிப் பார்த்தலும் தகும்.

2025 மே 6ஆம் நாள் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வடக்கின் தமிழர் அதைத்தான் செய்தனர். நாடளாவிய அளவில் திசைகாட்டியே முதலிடம் பெற்றும், வடக்கின் மன்றங்களில் தமிழ்க் கட்சிகள் மீண்டும் முந்தின. நவம்பரில் கொடுத்ததை மே திங்களில் மீட்டுக்கொண்டவன் நிலையற்றவன் அல்லன். கடன் கொடுத்துத் தவணை பார்த்தவன். தயங்கி நிற்கும் வாக்காளனின் வலிமை இதுவே. அவன் தயக்கம் நீடிக்கும் வரையே அவனைத் தேடி வருவர். இனிய குரலுக்கு மயங்கித் தயக்கத்தை ஒருமுறையாய் விற்றுவிட்டவன் வாயிலுக்கு எவரும் இருமுறை வாரார். அவ்வாறே, மீண்டு வந்த வாக்கைக் கண்டு தமிழ்க் கட்சிகளும் மகிழ்ந்து துயிலல் ஆகாது. அவர்கட்கும் அது கடனே, கொடையன்று.

திசைகாட்டியின் முள் எவர் கையில் இருந்தாலும் வடக்கு நோக்கியே நிற்கும். அஃது அதன் இயல்பு. ஆயின், முள் வடக்கைக் காட்டிக்கொண்டிருக்கையிலேயே அதனை ஏந்தியவன் தெற்கு நோக்கி நடந்து செல்லலாம். எந்த முள்ளும் எந்தக் காலையும் தடுத்ததில்லை. ஆதலின், தமிழர் பார்க்க வேண்டுவது முள்ளையன்று, காலடியை!